நீர் தேங்கிய இடம்

புதுப்பேட்டையில் ஜாபர் பாய் கடைக்கு வந்தபோது
அது ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ்.
நெற்றியில் இடவலமாய்த் திருப்பி எழுதிய பெயர்
எவ்வளவு சுரண்டியும் வெயிலில் மங்கலாய்த் தெரிந்தது.
"இருக்கட்டும்மா, வழி விடுவாங்க" என்றார் பாய்.

ஏகாம்பரத்தின் வி.ஆர்.எஸ். பணத்தில்
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடம் கட்டிலாயிற்று.
ஆக்சிஜன் மூலையில் கேஸ் அடுப்பு.
குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியை மட்டும்
நான் கழற்ற விடவில்லை.
வாழைச்சீப்புக்கு அவ்வளவு நல்ல இடம்
வீட்டில்கூட இல்லை.

படகு காசிமேட்டில் வாங்கியது.
ஒன்பதடி ஃபைபர், நீலம், வயிற்றில் மூன்று ஒட்டு.
விற்ற அருள்தாஸ் பணத்தை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னான்:
"உப்புத் தண்ணியில பழகுனது.
நல்ல தண்ணி லேசு, அவ்ளோ தாங்காது.
ரெண்டு வெரக்கடை தாழும். பயந்துடாதீங்க."

அந்த இரண்டு விரற்கடையைப் பற்றி
எத்தனை ராத்திரி பேசியிருப்போம்,
தாழ்வதற்காகவே போகிறவர்கள்போல.

மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோடு.
பதினெட்டு வருடமாய் இதுதான் விலாசம்.
ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டால்
மருந்துக் கடைக்காரர் ரயில்வே லைனைக் காட்டுவார்,
அயர்ன்காரர் கல்யாண மண்டபத்தை.
கூரியர் பையன்கள் கேட்பதே இல்லை.

பெருங்களத்தூரில் நிஜமாகவே வழி விட்டார்கள்.
ஒரு பஸ் டிரைவர் ஓரங்கட்டி
நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.
உள்ளே நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.
சட்டென்று படுத்துக்கொண்டேன்,
அவர் மனசு நோகக்கூடாது என்று.

இருபது கொண்டை ஊசி ஏறி
மேலே ஏரிக்கரையில் நிறுத்தினால்
காவலாளி படகைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
"சொந்த போட் எறக்கக் கூடாது சார்."
அன்னப்பறவை மிதிபடகுக்கு அரை மணி டிக்கெட் வாங்கினோம்.
முழங்கால் கடகடக்க மிதித்தோம்.
கரையில் வேன் மேல் உட்கார்ந்து
எங்கள் படகு வேடிக்கை பார்த்தது.

அன்று ராத்திரி மழை.
உடனே இறக்கலாமென்று வாய் மேலாய்க் கட்டியிருந்தார் ஏகாம்பரம்.
தகரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் நிறைகிற சத்தம்.
முதலில் கடுகு வெடிப்பதுபோல,
அப்புறம் துணி கிழிப்பதுபோல,
அப்புறம் சத்தமே இல்லை.
"ரொம்பிடுச்சு போல" என்றார் இருட்டில்.
குளத்தடியில் கிடக்கும் மீனுக்கு
மேலே பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும்
கண்ணாடியில் ஒரு செம்பு வழிந்தது.
வீடு சேர்ந்தபோது நான்கு விரல் ஆழம் மிச்சம்.
இரண்டு சில்வர் ஓக் இலை, ஒரு செத்த வண்டு.
கொட்ட மனசு வரவில்லை. கொட்டச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை,

ஆறாம் நாள் கார்ப்பரேஷனிலிருந்து
மேரி ஸ்டெல்லா வரும்வரை.
ஏணி கேட்டார். ஏறினார்.
கரண்டியில் மொண்டு டார்ச் அடித்தார்.
"புழு நெளியுதுக்கா. கொட்டிடணும்."

ஏகாம்பரம் அடைப்பானைத் திருகினார்.
தண்ணீர் கால்வாய்ப் பக்கம் போகவில்லை.
அயர்ன் வண்டிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு,
ஸ்கூட்டர்களுக்கு அடியில் நுழைந்து,
தார் ரோட்டில் எங்களுக்குத் தெரியாத ஒரு சரிவில்
யோசிக்காமல் திரும்பியது.
கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு
இவர் அதன் பின்னாலேயே நடந்தார்,
முனை தாண்டி, கண்ணுக்கு மறையும்வரை.

நான் கையெழுத்துக்கு நின்றேன்.
நீர் தேங்கிய இடம் என்ற கட்டத்தில்
டயர், தொட்டி, கொட்டாங்குச்சி
என்று அச்சடித்திருந்தது.
மூன்றையும் அடித்துவிட்டு
மேரி ஸ்டெல்லா பேனாவை உதறினார்.
"போட்" என்று எழுதினார்.
கீழே விலாசம்.
லேக் வியூ ரோடு என்று எழுதும்போது
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.